கரத்தை ரோட்டில் ஒரு சைக்கிள்

வட்டவளை டவுனில் எந்தத் தேநீர்க் கடை வாசலில் நின்றாலும் ஏ-7 வீதி கண்ணெதிரே கிடக்கும். அவிசாவளையில் கிளம்பி, கித்துல்கல, கினிகத்தேனை தாண்டி, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகிற பெருவீதி. கொழும்பு பஸ், மரக்கறி லொறி, தேயிலை மூட்டை ஏற்றிய லொறி, வெள்ளைக்காரர்களைச் சுமந்த வேன், எதன் இடுக்கிலும் நுழைந்துவிடுகிற ஆட்டோ என்று ஓயாமல் போய்வரும். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைப் பருவம். அந்த நாட்களில் ராத்திரிக்கும் ஓய்வில்லை. இத்தனைக்கும் நடுவே ஒரு சைக்கிளைக் காண வேண்டுமானால் பொறுமை வேண்டும். கண்டாலும் அநேகமாக அதன்மேல் ஆள் இருக்காது. பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டு வருவார்.

ஏன் என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "இது மலைங்க. இங்க எங்க சைக்கிள் ஓட்டுறது?" கடைக்காரரும் இதைத்தான் சொல்வார், ஆட்டோக்காரரும் இதைத்தான் சொல்வார், கொழும்பிலிருந்து வரும் அதிகாரியும் இதைத்தான் சொல்வார். மூன்று பேரும் ஒத்துப்போகிற விஷயங்கள் இந்த நாட்டில் குறைவு. அதனாலேயே எனக்கு இந்தப் பதிலில் சந்தேகம். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, மலையின் தலையில் நாம் கட்டிவிட்ட பழி.

பாதி உண்மையை முதலில் பார்த்துவிடலாம். வட்டவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீற்றர் உயரம். ஹட்டன் சுமார் 1260. இரண்டுக்கும் இடையே வீதி பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். வகுத்துப் பார்த்தால் நூறு மீற்றர் போவதற்குள் இரண்டு மீற்றர் சொச்சம் ஏற வேண்டும். தாளில் இது ஏற்றமே இல்லை. ஆனால் வீதி தாளில் உள்ளபடி ஏறுவதில்லை. ஒரு முடுக்கில் சும்மா இறங்கிவிடும், அடுத்த முடுக்கில் அதையும் சேர்த்து ஏற வைக்கும். மூச்சு வாங்குவது அந்த இடங்களில்தான்.

பக்கத்தில் ஓடுகிற ரயில் பாதையைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அது நேராக எங்கும் போவதில்லை. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த ரயில் ஹட்டனுக்கு வர இன்னும் பத்து வருஷம் பிடித்தது, 1884. அடுத்த வருஷம் நானுஓயா. 44 அடி ஓடினால் ஒரு அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இந்தப் பாதைக்கு வைத்த விதி. அதற்கு மேல் என்றால் நீராவி எஞ்சின் திணறும். ஆகவே மலையை வளைத்து, குடைந்து, பாலம் போட்டு, எஞ்சினுக்கு ஏற்றமே தெரியாதபடி தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மண்ணை வெட்டியதில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் ஆட்களின் கை. அதற்கு முன்பு பிரிட்டிஷ் வீதி அமைப்பாளர் தோமஸ் ஸ்கின்னர் காலத்து வீதிகளிலும் அவர்கள் வியர்வை உண்டு.

தோட்டத்துக்குள்ளே உள்ள கரத்தை ரோட்டுகளும் அப்படித்தான். கோப்பிக் காலத்திலேயே போடத் தொடங்கியவை அவை. மூட்டை ஏற்றிய கரத்தையை மாடு இழுக்க வேண்டும். மாட்டுக்கும் ஒரு அளவு உண்டு. செங்குத்தாகப் போட்டால் நின்றுவிடும். எனவே மட்டம் பார்த்து, மலையின் இடுப்பைச் சுற்றி, ரோட்டை நிதானமாக ஏற்றினார்கள். பிறகு மாடு போய் டிராக்டரும் லொறியும் வந்தன. ரோட்டு அதே ரோட்டு. கொழுந்து இன்றைக்கும் அந்த நிதானமான ஏற்றத்தில்தான் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போகிறது.

ஆள் எப்படிப் போகிறார்? குறுக்கில். லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்துக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாம் குறுக்குப் பாதை. தேயிலைக்கு நடுவே செங்குத்தாகக் கல் பதித்த படி, மழையில் ஊற்றாகிவிடும் படி. கரத்தை ரோட்டு அரை மணி நேரம் சுற்றும் இடத்தைக் குறுக்கு பத்து நிமிஷத்தில் ஏறிவிடும் என்பதால் எல்லாரும் அதையே பிடிக்கிறார்கள். இந்த மலையில் மிதமான ஏற்றம் சரக்குக்கு என்றும் செங்குத்து ஆளுக்கு என்றும் பிரிந்து கிடக்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. மாட்டின் கால் வலியைக் கணக்கில் எடுத்தவர்கள் மனிதரின் கால் வலியைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். "இது மலைங்க" என்று நாம் சொல்லும்போது நம் மனதில் இருப்பது அந்தக் குறுக்குப் பாதையின் மலை. மாடு இழுத்துக்கொண்டு போன ஏற்றத்தில் ஒரு வாலிபன் சைக்கிள் மிதிக்க முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

ஆனால் எந்தச் சைக்கிள்? இங்கேதான் இன்னொரு விஷயம் இருக்கிறது. நமக்கு விற்கப்படும் சாதாரணச் சைக்கிள் சமதரைக்குப் பிறந்தது. முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை மிதித்தால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றி ஐந்து மீற்றருக்கு மேல் போய்விடும். யாழ்ப்பாணத்துத் தார் ரோட்டில் இது சுகம். இங்கே, ரொசல்லப் பக்கத்து ஏற்றத்தில் இது முட்டிக்குத் தண்டனை. பின்னால் பல் கூடிய சக்கரம் ஒன்றை மாட்டினாலே பாரம் குறையும். கியர் வைத்த சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. ஆனால் கியர் சைக்கிள் என்றால் விளையாட்டுச் சாமான் என்றுதான் கடையிலும் வீட்டிலும் நினைப்பு.

அடுத்தது பிரேக். வட்டவளை மழையைப் பற்றி இலங்கையில் புவியியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடம் என்று பாடப்புத்தகத்தில் பெயர் வந்த ஊர். கொழும்பில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செப்டம்பர் வரை துணி காயாது. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் ரப்பர் அதைப் பிடிக்காமல் வழுக்கும். முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும்; அதற்குள் சைக்கிள் பத்துப் பதினைந்து மீற்றர் இறங்கியிருக்கும். மழைத் தண்ணீரோடு ரோட்டு மணலும் ஒட்டிக்கொண்டால் ரப்பர் அரத்தில் தேய்த்த மாதிரி தேயும். ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வட்டவளையில் சைக்கிளுக்கு உண்மையான எதிரி இறக்கம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பையன். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வீடு தோட்டத்தின் மேல் டிவிசனில். அண்ணன் கொழும்பில் வேலை பார்த்த இடத்திலிருந்து கொண்டுவந்த பழைய சைக்கிள் ஒன்று அவனிடம் இருக்கிறது. காலையில் அதில்தான் இறங்குவான். கடை வாசலில் சாத்தி வைத்திருந்த சைக்கிளை ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். மட்கார்டுக்குக் கீழே ஒரு ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டியிருந்தான், சேறு அடிக்காமல் இருக்க. பின் பிரேக்கின் ரப்பர் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் தகடு வெளியே தெரிந்தது. சீற்றுக்குக் கீழே ஒரு ஷொப்பிங் பை சுற்றிக் கட்டியிருந்தது. என்ன அது என்று கேட்டேன். அவிழ்த்துக் காட்டினான். புதுப் பிரேக் ரப்பர் ஒரு சோடி.

"இது எப்பவும் இருக்கணும் சேர். மழை மாசத்துல சட்டுனு முடிஞ்சுரும்."

"அப்ப தேஞ்சத ஏன் இன்னும் மாத்தல?"

"இன்னும் ரெண்டு நாளைக்கு வரும் சேர்." சிரித்தான்.

சாயங்காலம் எப்படி என்றேன். கரத்தை ரோட்டில் தள்ளிக்கொண்டுதான் போவானாம். பாதி தூரம் ஏறி மிதிக்கலாம், ஆனால் மிதிப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "எறங்கையில பயம் சேர், ஏறையில வெக்கம். ஆட்டோ ஸ்டாண்டுல உள்ளவங்க எல்லாம் நம்ம பயலுகதான். எந்திரிச்சு நின்னு மிதிக்கிறதப் பார்த்தா விசில் அடிப்பானுக. தள்ளிக்கிட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டானுக."

இந்த வெட்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அந்தப் பையன் பிறப்பதற்கு நூறு வருஷம் முந்தியது. தோட்டத்தில் யார் எதில் போவது என்பதற்கு ஒரு வரிசை இருந்தது. பெரிய துரை முதலில் குதிரையில், பிறகு காரில், ஜீப்பில். சின்னத்துரை மோட்டார் சைக்கிளில். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் மலையில் கைகள் வேகம் எடுக்கும். கொழுந்து லொறியில். தொழிலாளி காலில். யாருக்கு எத்தனை சக்கரம் என்பது யாருக்கு எத்தனை அதிகாரம் என்பதோடு சேர்ந்தே போனது. இந்த வரிசையில் சைக்கிளுக்கு இடமே கிடைக்கவில்லை. காலிலிருந்து நேரே ஆட்டோவுக்குத் தாவினோம். ஆட்டோ வாங்கிய பையன் தோட்டத்துக் கணக்கில் ஒரு படி ஏறியவன். சைக்கிளை மிதிப்பவன் ஏறாமல் நிற்பவன். விசில் அடிப்பதன் அர்த்தம் இதுதான், அடிக்கிறவர்களுக்கே தெரியாவிட்டாலும்.

கையில் காசு இருந்திருந்தால் வாங்கியிருப்பார்களோ என்றால், காசும் இருந்ததில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல், அதுவும் வர்த்தமானி போட்டுத்தான். 2024 செப்டம்பரில் அடிப்படை 1350. மாதம் முழுக்க வேலைக்குப் பேர் விழுந்தாலும் ஒரு புதுச் சைக்கிள் அந்த மாதச் சம்பளத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். வாங்கினால் வைக்க இடம்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் முன்னால் ஒரு இஸ்தோப்பும்தான் பெரும்பாலான லயத்து வீடு. இஸ்தோப்பில் விறகு, மழைக் காலத்தில் காயப்போட்ட துணி, கிழவிக்கு ஒரு பலகை. அங்கே சைக்கிளைச் சாத்தினால் ஒருவர் வெளியே படுக்க வேண்டும். முற்றத்தில் விட்டால் மழை. சைக்கிள் வைத்திருக்க வீடு வேண்டும் என்பது சமவெளிக்காரர்களுக்கு விளங்காத விஷயம்.

இப்போது ஏ-7 வீதிக்கு வருகிறேன். வீதியை அகலமாக்கிச் செப்பனிட்டபின் வாகனங்களின் வேகம் கூடிவிட்டது. ஓரம் மட்டும் கூடவில்லை. வெள்ளைக் கோடு எங்கே முடிகிறதோ அங்கேயே கான் ஆரம்பிக்கிறது, இல்லையென்றால் பள்ளம் ஆரம்பிக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு ஆள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற அகலம்கூடப் பல இடங்களில் இல்லை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நடக்கிறவர் மண் திட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார். சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளையும் தூக்கி அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முடுக்குகளில் முன்னால் போகிற லொறியை முந்துவதற்கு ஹோர்ன் அடித்துக்கொண்டே வேன் வலது பக்கம் ஏறும். எதிரே சைக்கிளில் இறங்கி வருபவனுக்கு அந்த ஹோர்ன் ஒரு உத்தரவு. மூடுபனி இறங்கிய பின்நேரங்களில் பின்விளக்கு இல்லாத சைக்கிள் என்பது இல்லாத சைக்கிள்.

வாகனச் சாரதிகளை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த வீதியை வரைந்தவர்கள் வட்டவளையை ஒரு ஊராக நினைத்து வரையவில்லை. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே கடக்க வேண்டிய தூரமாக நினைத்து வரைந்தார்கள். கடக்கிறவருக்கு வேகம் வேண்டும். குடியிருக்கிறவருக்கு ஓரம் வேண்டும்.

எரிபொருள் நெருக்கடி வந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஹட்டன் எரிபொருள் நிலையத்திலிருந்து வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்க நடக்க வேண்டியிருந்தது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்தது. கொழும்பில் உத்தியோகத்தர்கள் சைக்கிளில் கந்தோருக்குப் போனார்கள், பத்திரிகைகள் படம் போட்டன, சைக்கிள் விலை மடங்கு மடங்காக ஏறியது. யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார்: "எங்களுக்கு இது புதுசில்லை. தகப்பன்ர சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திட்டன்." 90களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் ஓடியது, நோயாளியும் சைக்கிளில், விறகு மூட்டையும் சைக்கிளில், கல்யாண வீட்டுச் சாமானும் சைக்கிளில். அந்த அனுபவம் அவர்களிடம் இரும்பாகவே மிஞ்சியிருந்தது.

வட்டவளையில் தூசி தட்ட எதுவும் இல்லை. ஆட்டோ நின்றது, ஸ்கூல் வேன் நின்றது, பஸ் குறைந்தது, மனிதர்கள் நடந்தார்கள். எப்போதும் நடந்தவர்கள்தானே என்று நாடும் கவனிக்கவில்லை. நெருக்கடி முடிந்தது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். புது வாகனங்கள் அதே அகல வீதியில் ஏறத் தொடங்கிவிட்டன. பெற்றோல் இல்லாத சில மாதங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை வீதியில் ஒரு கோடாகக்கூட யாரும் போட்டு வைக்கவில்லை.

யாழ்ப்பாணம் சமதரை, அதனால் முடிந்தது என்பீர்கள். நியாயம்தான். ஒல்லாந்தும் சமதரைதான். ஆனால் ஒல்லாந்து எப்போதும் சைக்கிள் நாடாக இருந்தது என்று நினைப்பது தவறு. 50களிலும் 60களிலும் அங்கேயும் காருக்காகத் தெருக்களைத் திறந்துவிட்டார்கள். சைக்கிள் குறைந்துகொண்டே போனது. 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீதியில் செத்தார்கள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவில் படுத்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. அதற்குப் பிறகு அரசாங்கம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டது. தரை முன்பும் சமதரைதான். மாறியது தரை அல்ல, தெருவில் யாருக்கு இடம் என்ற முடிவு. மலைக்கும் ஒரு கதை உண்டு. நோர்வேயில் துரொண்ட்ஹைம் என்ற ஊரில் 1993இலேயே ஒரு செங்குத்துத் தெருவில் சைக்கிளை மேலே தள்ளிவிடும் இயந்திரம் பொருத்திவிட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஒரு தட்டில் வைத்தால் அது மேலே தள்ளிக்கொண்டு போய் விடும். நமக்கு அந்த இயந்திரம் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது இங்கே ஒரு மழைக்குத் தாங்காது. ஏற்றத்தைத் தீர்க்க வேண்டிய ஒரு காரியமாக ஒரு ஊர் எடுத்துக்கொண்டதே, அதைச் சொல்கிறேன். மின்சார சைக்கிள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் ஏற்றம் இன்னும் சிறுத்துப்போன காரியம்.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கிட்டவாகத் தோன்றுவது தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை. 1991 வாக்கில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள் உட்பட, சைக்கிள் பழகினார்கள். சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடாகிப்போக, பெண்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். அதில் நடுவே ஓடுகிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கேயும் ஊர் விசில் அடித்தது, கண்டபடி பேசியது. பெண்கள் மிதித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நேரம்: தண்ணீருக்கு, சந்தைக்கு, பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரமெல்லாம் கைக்கு வந்தது.

புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்களின் வாரிசுகள்தானே நம் தோட்டங்களில் பெரும்பாலோர். அங்கே தங்கிவிட்டவர்களின் பேத்திகள் சைக்கிளில் ஏறினார்கள். இங்கே வந்தவர்களின் பேத்திகள் இன்னும் படி ஏறுகிறார்கள். விடியக் காலை எழும்பி, சோறு கட்டி, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, பிரட்டுக்குப் போய், மலைக்குப் போய், கொழுந்து நிறுக்க மறுபடி இறங்கி ஏறி, பின்னேரம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிற ஒரு பெண் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதைச் சம்பளக் கணக்கு கேட்பதில்லை. கிலோ மட்டும்தான் கேட்கும். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சட்டையில் மாணவிகள் கூட்டமாகச் சைக்கிளில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏ-7 ஓரத்தில் ஒற்றை வரிசையில், முன்னால் போகிறவளின் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நம் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும்.

பெருவீதி ஆபத்து என்றால் கரத்தை ரோட்டு இருக்கிறதே, அதில் விடலாமே என்று கேட்பது நியாயம். என் வாதமும் அதுதான். ஆனால் கரத்தை ரோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி குறுக்கே வந்து விழும். தோட்ட ரோட்டு பொது ரோட்டு அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம். அவர்கள் வாக்கில் தெரிவான சபை அவர்கள் நடக்கிற ரோட்டில் ஒரு கூடை ஜல்லி கொட்டச் சட்டம் விடவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக, குழியான ரோட்டுக்குக் கம்பனி சபையைக் காட்டியது, சபை கம்பனியைக் காட்டியது. லொறி போகிற பாதை மட்டும் அவ்வப்போது செப்பனிடப்பட்டது. கொழுந்து நேரத்துக்கு ஸ்டோருக்குப் போயாக வேண்டுமே. லொறிக்குத் தேவைப்படாத ரோட்டில் புல் முளைத்தது, கான் உடைந்தது, அட்டை ஏறியது.

அந்தப் பழைய ரோட்டுகளின் அருமை இப்போது வேறு சிலருக்குத் தெரிந்திருக்கிறது. 'பீக்கோ டிரெயில்' என்று கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக ஒரு நடைபாதையை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் காசு கொடுத்தன. தோட்டக்காரர்கள் சரக்கு ஏற்ற வெட்டிய அதே பாதைகள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. பாதையில் கம்பம் நட்டு, வழி காட்டி, வெளிநாட்டவர் தனியாகப் போனாலும் தொலையாதபடி செய்ய முடிகிறது என்பது நிரூபணமாகிவிட்டது. விடுமுறைக்கு வருகிறவர் நடக்கத் தகுந்ததாகக் கரத்தை ரோட்டைச் சீர்செய்ய முடியுமானால், வேலைக்குப் போகிறவர் மிதிக்கத் தகுந்ததாகவும் செய்யலாம். முதலாமவரிடம் டொலர் இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சைக்கிள் வந்தால் மலையகம் விடிந்துவிடும் என்று பேச நான் வரவில்லை. காலையில் ஒரு பஸ் ஒழுங்காக டிவிசன் வரை வந்தால் அதுவே பெரிய புண்ணியம். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆட்டோதான் துணை. ஆவணியில் கொட்டுகிற மழையில் எவரையும் சைக்கிளில் போ என்று சொல்ல மனசு வராது. சில டிவிசன்களுக்கு மாடே ஏறியதில்லை, அங்கே சைக்கிளைப் பற்றிப் பேசுவது வீண். ஆனாலும் டவுனுக்கு மூன்று நாலு கிலோமீற்றர் எட்டத்தில், கரத்தை ரோட்டுத் தொடுப்புள்ள டிவிசன்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே உள்ள ஒரு பையனோ பிள்ளையோ ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க நினைத்தால், அதற்கு மலை தடை இல்லை.

வீதி அபிவிருத்தி அதிகார சபை ஏ-7ஐ அடுத்த முறை செப்பனிடும்போது டவுனுக்கு இரு பக்கமும் கானுக்கு மூடி போட்டால் போதும். நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு ஓரம் கிடைத்துவிடும். ரயில் நிலையத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் நாலு தகரம் போட்ட ஒரு கொட்டகை வேண்டும். கடைக்காரர்கள் பின்சக்கரத்துக்குப் பல் கூடிய சக்கரத்தையும் நல்ல பிரேக் ரப்பரையும் வாங்கி வைக்கலாம். அம்பகமுவப் பிரதேச சபைக்கு என் கோரிக்கை இன்னும் சின்னது. 2018க்குப் பிறகு சட்டம் உங்கள் கையைக் கட்டவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகிற ஒரே ஒரு கரத்தை ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கானை வெட்டி, குழியை அடைத்து, லொறி போகாத ரோட்டாக இருந்தாலும் அதைப் பொது ரோட்டு என்று எழுதிப் பலகை நடுங்கள். எந்த ரோட்டை முதலில் எடுப்பது என்று தெரியாவிட்டால் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வட்டவளைக்கு வாருங்கள். பிள்ளைகள் வருகிற பக்கம்தான் அந்த ரோட்டு.